வீட்டு ஆளா, விருந்தாளியா

ஷார்ஜாவில் யேசுராஜ் சொந்தமாக ஒரு வீடு வாங்கிவிட்டான் என்ற செய்தி சொந்த ஊரான உவரிக்குப் போனபோது முதலில் யாரும் நம்பவில்லை. கல்ஃபுக்குப் போனவர்கள் ஊரில் வீடு கட்டுவார்கள். போன இடத்திலேயே வாங்குவது அங்கே கேள்விப்படாத விஷயம். முவைலாவைத் தாண்டி, ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிய மணல்நிற வீடுகளின் வரிசையில் அவன் வீடும் ஒன்று. கீழே ஹாலும் அடுக்களையும், மேலே மூன்று அறைகள், பின்பக்கம் மொட்டை மாடிக்கு ஏறிப் போகும் இரும்புப் படிக்கட்டு. அவன் ஒரு கட்டடப் பராமரிப்புக் கம்பெனியில் சூப்பர்வைசர். மனைவி சுகிர்தராணி தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரண்டு பேர் சம்பளத்தையும் காட்டித்தான் லோன் கிடைத்தது. லோனோடு ஒட்டிக்கொண்டு வீட்டு இன்சூரன்ஸும் வந்தது.

கையெழுத்து வாங்கிய பேங்க்காரன் பக்கங்களைப் புரட்டியபடியே இந்தியில் சொன்னான். "பில்டிங் இருக்கு, சாமான் இருக்கு, உங்க வீட்டுல ஆளுக்கு அடிபட்டா அதுவும் இருக்கு. எல்லாம் கவர் ஆகும் பாய்."

எல்லாம் என்று அவன் சொன்னதை யேசுராஜ் அப்படியே எடுத்துக்கொண்டான். வீடு வாங்கிய சந்தோஷத்தில் இருப்பவன் எவன் உட்கார்ந்து ஷரத்துகளைப் படிக்கிறான்?

அடுத்த வருஷம் அம்மா இறந்துபோனாள். அப்பா ஜெயமணிக்கு எழுபது தாண்டியிருந்தது. நாற்பது வருஷம் வள்ளத்தில் போய் மீன் பிடித்தவர். கடைசியில் கண் மங்கி, வள்ளத்தையும் வலையையும் பங்காளிக்கு விட்டுக்கொடுத்திருந்தார். இருந்த ஓட்டு வீட்டை அம்மா உயிரோடு இருக்கும்போதே யேசுராஜின் தங்கச்சி பேருக்கு எழுதியாகிவிட்டது. அடக்கத்துக்குப் போன யேசுராஜ், முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் அவரை விசிட் விசாவில் கையோடு கூட்டிவந்தான். ஏர்போர்ட்டிலிருந்து வந்து வாசலில் கார் நின்றதும், "அப்பா, இனிமே இதுதான் உங்க வீடு" என்றான். அவர் வீட்டை அண்ணாந்து பார்த்துவிட்டு, "நல்லாருக்குல" என்றார்.

மேலே மகள் ரினி விளையாடிக்கொண்டிருந்த சின்ன அறையை அவருக்குக் கொடுத்தார்கள். அவருக்கு ரெசிடென்ஸ் விசா எடுத்துவிட வேண்டும் என்று புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொண்டார்கள். அதற்குச் சம்பளச் சான்றிதழ் வேண்டும், மருத்துவ இன்சூரன்ஸ் வேண்டும், ஊரிலிருந்து அத்தாட்சி பெற்ற தாள்கள் வேண்டும். ரினிக்குப் பரீட்சை முடியட்டும் என்றார்கள். பிறகு ரம்ஜான் முடியட்டும் என்றார்கள். விசிட் விசாவையே நீட்டிக்கொண்டு போனார்கள். அந்த விசாவோடு எடுத்த மருத்துவ இன்சூரன்ஸ் முதல் நீட்டிப்பிலேயே முடிந்துபோயிருந்தது. அது யார் ஞாபகத்திலும் இல்லை.

அப்பாவால் வீட்டில் ஒரு தொந்தரவும் கிடையாது. யேசுராஜ் டூட்டி முடிந்து வரும்போது ஹாலில் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். இவன் வந்ததும் எழுந்து, "வந்துட்டியா" என்பார். கொஞ்ச நேரத்தில் மேலே போய்விடுவார். "மாமா மாதிரி ஒரு மாமனார் யாருக்கும் வாய்க்காது" என்று சுகிர்தராணி ஆஸ்பத்திரியில் எல்லோரிடமும் சொல்வாள்.

ஒரு நாள் விடியும் நேரத்தில் பின்பக்கம் ஏதோ பெரிதாக விழுந்த சத்தம் கேட்டது. தண்ணீர் டாங்கின் மூடி காற்றில் பறந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு யேசுராஜ் இறங்கி வந்தான். அப்பா கல் பாவிய தரையில் ஒருக்களித்துக் கிடந்தார். படிக்கட்டின் கைப்பிடிக் கம்பி சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டு வெளியே தொங்கியது. அவர் கூப்பிடவில்லை, அழவில்லை. வாயில் ஒரு துண்டை இறுகக் கடித்துக்கொண்டிருந்தார். வலி தாங்காமல் கடிக்கிறார் என்றுதான் அவன் நினைத்தான்.

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. விலா எலும்பு இரண்டு விரிசல் விட்டிருந்தது. உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள். விசிட் விசாக்காரருக்கு ஆஸ்பத்திரி கேட்ட முன்பணத்தை சுகிர்தராணி தன்னுடைய கிரெடிட் கார்டிலும் தோழிகளின் கார்டிலும் தேய்த்துக் கட்டினாள். ஆபரேஷன் நன்றாக முடிந்தது. ஆனால் பில் முடியவில்லை. நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போனது. அப்போதுதான் யேசுராஜுக்கு வீட்டு இன்சூரன்ஸ் ஞாபகம் வந்தது.

துபாயில் தேரா பகுதியில் இருந்த அந்த இன்சூரன்ஸ் ஆபீஸில் அவனுடைய க்ளெய்மைப் பார்த்தவள் ஷிரின் என்ற பெண். ஷார்ஜாவிலேயே பிறந்து வளர்ந்தவள், பெற்றோருக்குக் காயல்பட்டினம். தமிழ் ஆள் என்று தெரிந்ததும் யேசுராஜுக்குப் பாதிப் பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. அவன் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அவள் பாலிசியைத் திறந்தாள்.

"அண்ணே, இதை நல்லாப் புரிஞ்சுக்குங்க. உங்க வீட்டால வெளியாளுக்கு அடிபட்டா, அந்தச் செலவைக் கம்பெனி ஏத்துக்கும். வீட்டு ஆளுக்கு அடிபட்டா ஏத்துக்காது. உங்க கூடவே நிரந்தரமா இருக்கிற குடும்பத்தாரை இதுல சேர்க்கவே இல்லை."

"அவர் எங்க அப்பாதானே."

"அப்பாங்கிறது பிரச்சனை இல்லண்ணே. ஒரு வாரம் பாத்துட்டுப் போக வந்த அப்பான்னா அவர் விருந்தாளி. உங்களோடயே தங்கிட்ட அப்பான்னா வீட்டு ஆள். அவர் எதுன்னுதான் பாக்கணும்." அவள் குரலில் கடுமை இல்லை. "நானே ஆஸ்பத்திரிக்கு வந்து அவர்கிட்டப் பேசணும். வீட்டையும் சர்வேயர் வந்து போட்டோ எடுப்பார்."

நேராக ஷார்ஜா பஸ்ஸைப் பிடித்திருக்கலாம். அவன் க்ரீக் என்கிற உப்பங்கழியின் ஓரமாக வெயிலில் வெகுநேரம் நடந்தான். விசிட் விசா, விசிட்டர் என்றால் விருந்தாளிதானே? பாஸ்போர்ட்டில் அப்படித்தானே குத்தியிருக்கிறது? இது பொய் இல்லை என்று தனக்குத்தானே பலமுறை சொல்லிக்கொண்டான். பொய் இல்லாத விஷயத்தை யாரும் அத்தனை முறை சொல்லிக்கொள்வதில்லை என்பதும் அவனுக்குத் தெரிந்திருந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரிக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அப்பாவிடம் ஆரம்பித்தான்.

"அப்பா, இன்சூரன்ஸ்லேருந்து ஒரு பொண்ணு வரும். நம்ம தமிழ்ப் பொண்ணுதான். அது கேட்டா, நீங்க... சும்மா பாத்துட்டுப் போக வந்திருக்கேன்னு சொல்லணும்."

"பாத்துட்டுப் போவவா?"

"ஆமா. விருந்தாளின்னு. சீக்கிரம் ஊருக்குத் திரும்பிப் போயிருவேன்னு சொல்லணும். அப்பத்தான் ஆஸ்பத்திரிச் செலவைக் குடுப்பாங்க. பேச்சுக்குத்தான்ப்பா, வேற ஒண்ணும் இல்ல."

அப்பா போர்வையின் விளிம்பை நீவிவிட்டபடி, "சரில. சொல்லிட்டாப் போச்சு" என்றார்.

ஷிரின் ஒரு பை நிறையப் பழத்தோடு வந்தாள். அது ஆபீஸ் வழக்கமா, அவள் குணமா என்று யேசுராஜுக்குத் தெரியவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதலில் வலி எப்படி இருக்கிறது என்று விசாரித்தாள். பிறகு மடியில் டேப்லெட்டை வைத்துக்கொண்டாள்.

"ஐயா, நீங்க இங்க எதுக்காக வந்திருக்கீங்க?"

"மவனையும் பேத்தியையும் பாக்கத்தான் தாயி. பாத்துட்டுப் போயிருவேன்."

"எப்பப் போறதா இருந்தீங்க?"

"சீக்கிரந்தான்."

சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான். அது முடிந்துவிட்டது என்று யேசுராஜ் மூச்சு விட்டான். ஆனால் ஷிரின் விடவில்லை. இதுமாதிரி சொல்லிக்கொடுத்த பதில்கள் எத்தனையோ கேட்டவள் அவள்.

"உங்க சாமானெல்லாம் அந்த வீட்டுலதானே இருக்கு? உங்களுக்குன்னு அலமாரி, கட்டில் எல்லாம் இருக்கா?"

"எனக்கு ஒரு பெட்டிதான். அதுலேருந்து எடுத்து உடுத்துவேன். தொவைச்சுக் காஞ்சதும் மடிச்சு அதுக்குள்ளேயே வச்சிருவேன். அந்த ரூம்பு அலமாரில பேத்தியோட பொம்மையும் பழைய துணியும் இருக்கு. நம்ம போயி அதை ஒதுக்கச் சொல்ல முடியுமா?"

"வீட்டுல உங்க இஷ்டத்துக்கு இருப்பீங்களா? டிவி பாக்கிறது, சமைக்கிறது..."

"டிவிக்கு அந்தக் கம்பு மாதிரி ஒண்ணு இருக்கில்லா, அது பேத்தி கையில இருக்கும். அது ஏதாவது பாத்துக்கிட்டு இருக்கும். சரின்னு எந்திச்சுப் போயிருவேன்." அப்பா சிரித்தார். "சமையலுக்கு ஒரு தடவைதான் போனேன். மார்க்கெட்டுல சாளை மீன் கெடச்சுதேன்னு வாங்கி நானே குழம்பு வச்சேன். அன்னைக்குப் பேத்தியோட கூடப் படிக்கிற சேத்திக்காரப் பிள்ளைக வந்திருந்துச்சுவ. மூக்கைப் பொத்திக்கிட்டு இங்கிலீசுல என்னமோ பேசிச்சுவ. மருமவ நல்ல பிள்ளை, ஒரு வார்த்தை சொல்லல. சன்னலை எல்லாம் தொறந்துவச்சா. பொறவு நான் அடுக்களைப் பக்கம் போவல."

அவர் யாரையும் குற்றம் சொல்லும் குரலில் பேசவில்லை. கேட்ட கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்லி மகனுக்கு உதவ வேண்டும் என்ற முனைப்புதான் அந்தக் குரலில் இருந்தது.

"விழுந்த அன்னைக்கு அவ்வளவு காலையில மொட்டை மாடிக்கு எதுக்குப் போனீங்க ஐயா?"

"எனக்கு விடியக்காலம் இருமல் வரும் தாயி. உப்புக் காத்துல கெடந்த ஒடம்பு, இங்க ஏசில சேரல. எல்லாருக்கும் டூட்டி இருக்கு, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம். இருமுனா முழிச்சிருவாவ. அதான் துண்டை வாயில வச்சிக்கிட்டு மாடிக்குப் போயிருவேன். அங்கன நின்னு எவ்வளவு வேணும்னாலும் இருமிக்கிடலாம்."

"தினமுமா?"

"தெனமுந்தான். வந்த எடத்துல நாம அனுசரிச்சுத்தானே இருக்கணும்."

யேசுராஜ் சுவரில் சாய்ந்துகொண்டான். இதில் ஒன்றுகூட அவன் சொல்லிக்கொடுத்தது இல்லை. சாட்சிக்காக இட்டுக்கட்டவும் அப்பாவுக்குத் தெரியாது. ஆபரேஷன் அறைக்குக் கொண்டுபோகும்வரை அந்தத் துண்டு அவர் கையிலேயே இருந்தது இப்போது நினைவுக்கு வந்தது.

ஷிரின் நன்றி சொல்லி எழுந்தாள். வராந்தாவில் வந்து போனில் சர்வேயர் எடுத்த போட்டோக்களை அவனிடம் காட்டினாள்.

"விருந்தாளிங்கிறதுல எனக்கு சந்தேகம் இல்லண்ணே. நான் அப்படித்தான் எழுதுவேன்." அவள் அவன் முகத்தைப் பார்க்காமல் பேசினாள். "இன்னொண்ணு கேக்கணும். இந்தக் கைப்பிடி சுவரோட சேர்ற எடத்துல கம்பி சுத்திக் கட்டியிருக்கே, இது யார் கட்டினது?"

போல்ட் துருப்பிடித்து ஆட ஆரம்பித்தது யேசுராஜுக்கு எப்போதோ தெரியும். ஒரு வெள்ளிக்கிழமை ட்ரில் எடுத்துப் புது போல்ட் அடித்துவிடலாம் என்று இருந்தான். அதுவரைக்கும் இருக்கட்டும் என்று கட்டுக்கம்பியை நாலு சுற்றுச் சுற்றி முறுக்கி வைத்தான். டூட்டியில் வேறு ஒருவன் இப்படிக் கட்டி வைத்திருந்தால் அந்த இடத்திலேயே எழுதிக்கொடுத்து வார்னிங் வாங்கித் தந்திருப்பான். முன்னால் இருந்த ஓனர் கட்டியது என்று இப்போது சொல்லிவிடலாம். யாரும் வந்து சோதிக்கப் போவதில்லை. ஆனால் அப்பா பேசியதைக் கேட்ட பிறகு அவனுக்கு வாயைத் திறந்து இன்னொரு பேச்சை ஜோடிக்கத் தெம்பு இல்லை.

"நான்தான்" என்றான்.

"எப்போ?"

"ரம்ஜானுக்கு முன்னாடி."

ஷிரின் போனை அணைத்தாள். "அப்ப கஷ்டம்ண்ணே. எதிர்பாராம நடக்கிறதுக்குத்தான் இன்சூரன்ஸ். ஓனருக்குத் தெரிஞ்சும் சரிபண்ணாம விட்டதுக்கு எங்க கம்பெனி பாலிசியில இடம் கிடையாது. அந்த ஷரத்தும் அதுலயேதான் இருக்கு."

"அப்ப அவர் விருந்தாளியா இருந்தும்..."

"ஆமாண்ணே. விருந்தாளியா இருந்தும் கிடைக்காது."

அவள் லிஃப்ட் வரைக்கும் போய், திரும்பி வந்தாள். "என் வேலை இது இல்ல. ஆனா சொல்றேன். ஐயாவைப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பத்து நாளில் இன்சூரன்ஸ் கம்பெனியின் மறுப்பு வந்தது. ஷிரின் சொன்னதேதான், ஆங்கிலத்தில். யேசுராஜ் தன் கம்பெனியில் லோன் போட்டான், சுகிர்தராணி நகையை ஊருக்கு அனுப்பி அடகு வைத்தாள். எப்படியோ பில்லைக் கட்டி முடித்தார்கள். பணம் போனதைப் பற்றி அவர்கள் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. அப்பா சொன்னதையெல்லாம் மனைவியிடம் எப்படிச் சொல்வது என்றுதான் யேசுராஜ் தவித்துக்கொண்டிருந்தான். ஒரு நாள் காரில் போகும்போது சொல்லிவிட்டான். சிக்னலில் வண்டி நின்றபோது அவள் உடைந்தாள்.

"வாசம் போகட்டும்னுதாங்க சன்னலைத் தொறந்தேன். மாமாவை ஒண்ணும் நினைச்சு இல்ல. வார்டுல ஒரு கிழவர் இருமினா ஓடிப்போய் முதுகைத் தடவிவிடுறேன். சொந்த வீட்டுல ஒருத்தர் தெனம் இருமியிருக்கார், எனக்குத் தெரியவே இல்லையே."

பின்னால் வந்த வண்டி ஹாரன் அடித்தது. அவன் வண்டியை எடுத்தான்.

அப்பா வாக்கரோடு வீட்டுக்கு வந்தபோது எல்லாம் மாறியிருந்தது. மாடி ஏற முடியாது என்று ஹாலில் ஒரு பக்கத்தைத் தடுத்து அவருக்குக் கட்டில் போட்டிருந்தார்கள். சுகிர்தராணி சாளைக் குழம்பு வைத்திருந்தாள். ரினி டிவி ரிமோட்டைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள். அம்மா சொல்லித்தான் வைக்கிறாள் என்பது அவள் நடந்து வந்த விதத்திலேயே தெரிந்தது. அப்பா எல்லாவற்றுக்கும் சிரித்த முகமாகத் தலையாட்டினார். குழம்பை நன்றாகச் சாப்பிட்டார். ரெசிடென்ஸ் விசாவுக்குத் தாள்களைத் தயார்பண்ணிக்கொண்டு யேசுராஜ் பக்கத்தில் உட்கார்ந்தபோதுதான் கையை உயர்த்தித் தடுத்தார்.

"வேண்டாம்ல. டாக்டர் எப்பம் பிளேன்ல போவலாம்னு சொல்லுதாரோ, அப்பம் டிக்கெட் போட்டுரு."

"அப்பா, நான் அன்னைக்குப் பேச்சுக்குத்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன். நீங்க இதை மனசுல வச்சுக்கிட்டு..."

"கோவமெல்லாம் இல்ல மக்களே. நீ சொல்லச் சொன்னப்ப கொஞ்சம் சங்கடமாத்தான் இருந்துச்சு. பொய் சொல்லணுமேன்னு நெனைச்சேன். அந்தப் பிள்ளை கேக்கக் கேக்க, சொல்லச் சொல்லத்தான் எனக்கே தெரிஞ்சுது, அதுல பொய்யே இல்லன்னு."

"இனிமே அப்படி இருக்காதுப்பா."

"இருக்காதுதான். நீங்க எனக்காவ ஒவ்வொண்ணா மாத்துவிய. நான் அதைப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கணும். அதுக்கும் விருந்தாளியாத்தானே இருக்கணும்?"

"தங்கச்சி வீட்டுல மட்டும்..." என்று ஆரம்பித்து யேசுராஜ் நிறுத்திக்கொண்டான். அங்கே மாப்பிள்ளையும் அவன் தாயும் இருக்கிறார்கள். அந்த வீடு இப்போது அப்பாவுடையது இல்லை என்று அவருக்கு ஞாபகப்படுத்த அவனுக்கு வாய் வரவில்லை. அவரே சொன்னார்.

"அங்கயும் அப்படித்தான். எனக்குத் தெரியும்ல. ஆனா அங்க விழுந்தா பில்லு வராது."

சொல்லிவிட்டு அவர் சிரித்தார்.

ஒன்றரை மாதம் கழித்து டாக்டர் சரி என்றார். ஷார்ஜா ஏர்போர்ட்டிலிருந்து திருவனந்தபுரத்துக்கு வீல்சேரோடு டிக்கெட் போட்டான். வழியனுப்ப மூவரும் போனார்கள். ரினி தாத்தாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுத்தாள். வீல்சேரைத் தள்ள வந்த ஆள், "சலோ பாபா, யல்லா" என்று அவசரப்படுத்தினான். அப்பா இரு கையையும் நீட்டி மகனுடைய கையையும் மருமகளுடைய கையையும் சேர்த்துப் பிடித்தார். கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறவர்கள் வீட்டுக்காரர்களிடம் சொல்வார்களே, அந்தக் குரலில் சொன்னார்.

"ரொம்ப நல்லாப் பாத்துக்கிட்டிய மக்களே. ஒரு கொறையும் இல்ல. சந்தோசமா இருந்துச்சு."

அவர் திட்டியிருந்தால், அழுதிருந்தால், முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தால்கூட யேசுராஜ் தாங்கியிருப்பான். வீல்சேர் பாஸ்போர்ட் கவுன்டரைத் தாண்டி மறைந்த பிறகும் அவன் அங்கேயே நின்றான். சுகிர்தராணி வந்து முழங்கையைத் தொட்டதும்தான் நடந்தான்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து தங்கச்சியின் போனிலிருந்து அப்பா கூப்பிடுகிறார். கம்பை ஊன்றிக் கடற்கரை வரை போய்வருகிறாராம். இருமல் கொஞ்சம் தேவலையாம். மூன்று வார்த்தை பேசுவதற்குள், "உனக்கு டூட்டிக்கு நேரமாச்சோ? தொந்தரவு பண்ணிட்டனோ? வச்சிரட்டுமா?" என்று கேட்கிறார். இல்லப்பா, பேசுங்கப்பா என்று யேசுராஜ் சொல்லி முடிப்பதற்குள், அவர் போனை யாரிடமோ கொடுத்துவிடுகிறார்.